மூன்றரை அங்குல இன்ஜினியர்

அமெரிக்காவில் ஃபிப்த் வீல் டிரெய்லர் இழுப்பவர் எவரிடமாவது போய், டிரக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேளுங்கள். ஆறு அங்குலம் என்பார். கொஞ்சம் தாராள மனசுக்காரராக இருந்தால் ஐந்தரை போதும் என்பார். மூன்றரை போதும் என்று சொல்லும் ஆளை டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. கொஞ்ச காலம் நான் அந்த ஆளாக இருந்தேன். தெரிந்தே இருந்திருந்தால் துணிச்சல்காரன் என்ற பெயராவது மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படி ஓர் அளவு உண்டு என்பதே தெரியாது.

இந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண டிரெய்லர், இழுக்கும் வண்டியின் வாலில் ஒரு இரும்புக் குண்டில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். ஃபிப்த் வீல் அப்படி அடக்கமாக வராது. அதன் முன்பகுதி பிக்கப் டிரக்கின் முதுகு மேலேயே ஏறி நிற்கும். அந்த மூக்கின் அடியில் இரண்டு அங்குல விட்டத்தில் ஒரு எஃகு முளை தொங்கும். அதுதான் கிங்பின். டிரக்கின் முதுகில் உள்ள சரக்குத் தொட்டியில், அதாவது பெட்டில், பின் அச்சுக்கு நேர் மேலே பொருத்திய ஹிட்ச்சின் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அந்த லாரியின் இழுவை வண்டிக்குப் பின்னால் மொட்டைச் சட்டம் மட்டுமே இருக்கும், இடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிக்கப்புக்கோ இரண்டு பக்கமும் சுவர், பின்னால் டெயில்கேட் என்ற கதவு. டிரக்கின் பெட்டுக்கு மேலே டிரெய்லரின் பெட்ரூம். நாம் தூங்கும் கட்டிலின் அடிவயிற்றுக்கும் அந்தச் சுவரின் விளிம்புக்கும் நடுவே உள்ள சந்துதான் நான் சொல்லும் இடைவெளி.

விமான முன்னோடி க்ளென் கர்ட்டிஸ் 1920-களின் கடைசியில் ஏரோகார் என்று இதே ஜாதி டிரெய்லர் ஒன்றைச் செய்து விற்றார். விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்கவைத்து, அதையே இணைப்பாகவும் அதிர்ச்சி தாங்கியாகவும் பயன்படுத்தினார். இழுத்தது கூபே கார். சுவரும் இல்லை, டெயில்கேட்டும் இல்லை. கொடுத்து வைத்தவர்.

நான் டிரக்கை முதலில் வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம், எட்டடி பெட், பக்கத்தில் போய் நின்றால் சுவரின் விளிம்பு என் தாடைக்கு வரும். இப்போது வரும் டிரக்குகளின் சுவர்கள் ஏன் இத்தனை உயரம் என்று அதைச் செய்பவர்களைத்தான் கேட்க வேண்டும். பெட்டுக்குள் உருண்டுபோன தேங்காயை எடுக்க நான் டயர் மேல் ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் வாங்கும்போது அந்த உயரம் எனக்குக் கம்பீரமாகப் பட்டது. இந்த ஊரில் டிரக்கை உயரம் பார்த்துத்தான் மதிக்கிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

டிரெய்லர் செய்பவர்களின் பாடு நேர் எதிர். அவர்களால் உயரத்தைக் கூட்ட முடியாது. பல மாநிலங்களில் வண்டியின் உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். டெக்சாஸில் 14 அடி. கூரையில் ஏ.சி. வேறு உட்கார்ந்திருக்கும். டிரக் கீழேயிருந்து வளர்ந்துகொண்டே போகிறது, டிரெய்லர் மேலே போக வழியில்லாமல் நிற்கிறது. நசுங்குவது நடுவிலுள்ள சந்து. இதைக் கண்டுபிடிக்க மேதாவித்தனம் வேண்டியதில்லை. கையில் டேப் இருந்தால் போதும்.

டேப் எங்கள் கையில் இருந்தது. டிரெய்லர் விற்கும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டுதான் போனோம். சமையல் மேடையில் கிரைண்டர் நிற்குமா என்று அளந்தோம். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மாவுப் பாத்திரம் நுழையுமா என்று அளந்தோம். என் மனைவி ஜன்னல்களைக்கூட அளந்தாள், திரை தைக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் அளந்த திருப்தியில் டேப்பை மடக்கிப் பையில் போட்டேன். அங்கிருந்த ஆள் ஹிட்ச்சைப் பொருத்தி, டிரெய்லர் முன்னும் பின்னும் சமமாக நிற்கும்படி உயரம் வைத்துக் கொடுத்தார். சமமாகத்தான் நின்றது. இடைவெளி கொஞ்சம் குறைவுதான், பார்த்து ஓட்டுங்கள் என்றார். நான் விவரம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். எனக்குப் புரியாத எதற்கும் அப்படித் தலையாட்டுவது கல்லூரியிலிருந்தே பழக்கம்.

கல்லூரி என்றதும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பிழைப்பு மென்பொருள் என்றாலும், விசை, திருப்புத்திறன், சாய்தளம் எல்லாவற்றுக்கும் படம் போட்டு மார்க் வாங்கியவன். இனி வருவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எச்சரிக்கை ஒரு பெட்ரோல் பங்கில் கிடைத்தது. பங்கின் தரை உயரம், சாலை பள்ளம். வெளியே இறங்கும்போது பின்னால் ‘கரக்’ என்றது. இறங்கிப் பார்த்தேன். டெயில்கேட்டின் இரண்டு மூலைக்கும் அருகே சுவர் விளிம்பில் கீறல். அதற்கு நான் கண்ட தீர்வு, அதே நிறத்தில் சின்னக் குப்பி பெயின்ட். கீறலை மறைத்ததும் காரணமும் மறைந்துவிட்டது என்று நம்பினேன். அடுத்த கீறலுக்கும் பெயின்ட். குப்பி தீர்ந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

என் யோசனை இது. ஃபிப்த் வீலில் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் டிரக்கின் முதுகில் இறங்கும். எங்களுடையது 11,000 பவுண்டு வண்டி, ஆக ஒரு டன் பாரம் டிரக்கின் மேல். மாட்டியதும் டிரக்கின் பின்புறம் தாழ்கிறது. டிரக் தாழ்ந்தால் டிரெய்லரின் மூக்கும் தாழ்கிறது. மூக்கு தாழ்ந்தால் சுவரை இடிக்கிறது. ஆகவே டிரக்கின் பின்புறத்தைத் தூக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கத்தில் வைத்துக் காற்றடிக்கும் ரப்பர் பைகள் விற்கிறார்கள், ஏர்பேக். வரவழைத்தேன். சனிக்கிழமை முழுக்க டிரக்கின் அடியில் மல்லாந்து கிடந்து மாட்டினேன். காற்றடித்ததும் பின்புறம் இரண்டரை அங்குலம் எழும்பியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவம், அவரும் தலையாட்டினார்.

என் கணக்கில் என்ன தவறு என்று உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஹிட்ச் டிரக்கோடு பிணைந்தது. சுவரும் டிரக்கோடு பிணைந்தது. டிரக்கை ஆகாசத்துக்கே தூக்கினாலும் இரண்டும் சேர்ந்துதான் மேலே போகும். ஹிட்ச்சுக்கும் சுவருக்கும் இடையிலான உயரம் ஒரு மயிரிழைகூட மாறாது. கிங்பின் இருக்கும் இடத்தில் இடைவெளி, பைக்கு முன்னும் மூன்றரை, பைக்குப் பின்னும் மூன்றரை. இதோடு போனால் பரவாயில்லை, காசு நஷ்டம் என்று விட்டுவிடலாம். பின்புறம் எழும்பியதால் டிரக் முன்பக்கம் குனிந்து நின்றது, டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டது. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்ததில், கிங்பின்னுக்கு நாலடி பின்னால் இருக்கும் டெயில்கேட் பக்கத்தில் சந்து இன்னும் குறுகிவிட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய ஓர் அங்குலம் போயிருந்தது. பணம் கொடுத்து, முதுகு வலிக்க உழைத்து, இருந்த மூன்றரையில் ஒன்றைத் தொலைத்திருக்கிறேன்.

இந்தக் கணக்கை நான் போட்ட இடம் சான் அன்டோனியோவுக்கு மேற்கே, கான்கான் பக்கம், ஃப்ரியோ ஆற்றங்கரை. கார்னர் ஸ்டேட் பார்க்கில் இடம் கிடைக்காமல் அக்கம்பக்கத்தில் ஒரு தனியார் முகாமில் பதிவு செய்திருந்தோம். டெக்சாஸின் அந்த மலைப்பகுதியில் ஆறுகளுக்கு மேலே பாலம் கட்டுவதைவிட, ஆற்றின் தரையோடு காங்கிரீட் போட்டுச் சாலையை அப்படியே இறக்கி ஏற்றிவிடுவது சகஜம். நம்மூர் தரைப்பாலமேதான். ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய வெள்ளைக் கம்பம் நிற்கும், எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ள. அன்று தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. நான் கம்பத்தைப் பார்த்துத் திருப்தியடைந்து இறங்கினேன்.

டிரக்கின் முகம் பள்ளத்தை நோக்கிக் குனிந்தது. டிரெய்லர் இன்னும் மேட்டில், சமதரையில். டிரக் குனிந்தால் அதன் பின்புறம் நிமிரும். பின்னாலிருந்து நீளமாக ஒரு முனகல் கேட்டது.

“என்னங்க, நிறுத்துங்க.”

“உள்ளே பாத்திரம் உருளுது.”

“நம்ம பாத்திரமெல்லாம் எவர்சில்வர். இது தகரம்.”

நிறுத்தினேன். இரண்டு பக்கச் சுவர்களின் கடைசி ஓரடியும் டிரெய்லரின் அடிச்சட்டத்தில் அழுந்தி நின்றன. இடப்பக்கம் சுவர் உள்ளே மடங்கியிருந்தது. முன்னே போனால் இன்னும் அழுந்தும், ஏனென்றால் டிரெய்லரின் சக்கரம் சரிவுக்கு வர இன்னும் இருபதடிக்கு மேல் ஓட வேண்டும். பின்னே போகலாமென்றால், பின்னால் ஒரு ஜீப். அதன் கூரையில் ஆற்றில் மிதக்கும் ரப்பர் வளையங்கள், உள்ளே கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி வந்து மரியாதையாகப் பார்த்தார்கள். அது ஹாரனைவிட மோசம்.

முகாமிலிருந்து ஒரு பெரியவர் கோல்ஃப் கார்ட்டில் வந்தார். குனிந்து டிரெய்லருக்கு அடியில், கிங்பின் பக்கமாகக் கையை விட்டார். முஷ்டியை நிறுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அறுபது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கேட்டது அங்குலக் கணக்கு, நான் சொன்னது ஏர்பேக்கின் காற்றழுத்தம் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. பை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து வால்வின் முனையை அழுத்தினார். ‘புஸ்’ஸென்று என் சனிக்கிழமை முழுவதும் வெளியே போனது. டிரக்கின் பின்புறம் இறங்க, மேலே சந்து விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. ஜீப்புக்காரப் பிள்ளைகள் தங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையசைத்து என்னைப் பின்னால் எடுக்க வைத்தார்கள். எனக்கு நேராகப் பின்னால் எடுக்க வராது என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஆற்றைக் கடக்கத் தேவையில்லாத இன்னொரு முகாமில் இடம் பிடித்தோம். அன்று இரவு என் மகளின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் படம் போட்டேன். கிங்பின்னிலிருந்து டெயில்கேட் வரை 48 அங்குலம். இடைவெளி ஆறு அங்குலம் என்றால், டிரக்கும் டிரெய்லரும் ஒன்றுக்கொன்று ஏழு டிகிரி சாயும் வரை தாங்கும். மூன்றரை என்றால் நாலு டிகிரிக்குச் சற்று மேல். காற்றடைத்த நிலையில் என்னிடம் இருந்தது மூன்றுதான். வாகன நிறுத்தத்திலோ நெடுஞ்சாலையிலோ மூன்று டிகிரி தாராளம். ஆற்றுப் பள்ளம், பெட்ரோல் பங்கு வாசல், சாலையைவிடத் தாழ்ந்த முகாம் இடத்துக்குள் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்குவது, இதற்கெல்லாம் போதாது. ஆறு அங்குலம் என்பது யாரோ சாஸ்திரத்துக்குச் சொன்ன எண் என்று நினைத்திருந்தேன். அது நேரான முக்கோணவியல், பத்தாம் வகுப்பு. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது டான்ஜென்ட்தானே?” என்றாள். ஆமாம், தூங்கு என்றேன்.

இடைவெளியைக் கூட்ட உருப்படியான வழிகள் இரண்டுதான். ஹிட்ச்சை அதன் கால்களில் உள்ள துளைகளில் ஏற்றி வைப்பது, அல்லது டிரெய்லர் பக்கம் கிங்பின்னைத் தாங்கும் பின் பாக்ஸைக் கழற்றிக் கீழ்த் துளைகளில் மாட்டுவது. ஊர் திரும்பியதும் ஹிட்ச்சை ஏற்றினேன். டேப் வைத்தேன், ஆறு. அன்றைக்கு என் நடையே மாறிவிட்டது.

மூக்கை ஏற்றினால் பின்புறம் இறங்கும் என்பதைத்தான் மறந்துபோனேன். இரட்டை அச்சு டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினால் முன் அச்சின் பாரம் குறைந்து பின் அச்சின் மேல் ஏறும். ஓய்வுக்கு நிறுத்திய இடத்தில் டயர்களைத் தொட்டுப் பார்த்தபோது முன்னது வெதுவெதுப்பு, பின்னது சுட்டது. டயர் வெடித்தால் சக்கரத்துக்கு மேலே உள்ள குழாயையும் வயரையும் பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் வண்டியில் அங்கேதான் சமையலறை, கிரைண்டர் உட்பட. ஆக டிரெய்லரையும் தூக்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்பிரிங்குக்கு மேலே ஓடும் அச்சைக் கீழே மாற்றுவார்கள், சிலவற்றில் சட்டத்துக்கும் ஸ்பிரிங் தாங்கிக்கும் நடுவே இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைப்பார்கள். இதில் நான் கை வைக்கவில்லை. பட்டறையில் விட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த சில நல்ல முடிவுகளில் அது ஒன்று.

வேலை முடிந்து வந்த வண்டி முன்னும் பின்னும் சமம், இடைவெளி ஆறு, கூரை ஏ.சி.யின் உச்சி 13 அடி 4 அங்குலம். அந்த எண்ணை எழுதி டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வட கரோலைனாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் வருஷக்கணக்கில் லாரிக் கூரைகளை உரித்துப் பேர் வாங்கியது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள். வீடியோவில் அதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று மனைவி சொல்கிறாள்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆறு அங்குலம் கிடைத்த பெருமையில் போன அடுத்த பயணம். முகாமில் டிரெய்லரைக் கழற்ற வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன், கால்களை இறக்கினேன், வயரைப் பிடுங்கினேன், தாடையைத் திறந்தேன். எல்லாம் வரிசைப்படி. டிரக்கில் ஏறி முன்னே நகர்த்தினேன். டெயில்கேட்டை இறக்கவில்லை. பக்கச் சுவருக்கு மேலே எத்தனை அங்குலம் இருந்தாலும், சுவருக்குக் கீழே தொங்கும் கிங்பின்னும் பின் பாக்ஸும் மூடிய கதவு வழியாக வெளியே போக முடியாது. கதவோடுதான் போகும். இந்தக் காலத்து டெயில்கேட்டில் கேமரா உண்டு, சென்சார் உண்டு, தானாக இறங்கும் மோட்டார் உண்டு. புதுக் கதவின் விலையை மனைவியிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. இந்தப் பத்தியிலும் சொல்வதாக இல்லை, அவள் படிப்பாள்.

ஃபிப்த் வீல் வாங்க நினைப்பவர்கள் கிரைண்டருக்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகு டேப்பை மடக்கிவிடாதீர்கள். பாரம் ஏறிய நிலையில் டிரக்கின் சுவர் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று பாருங்கள். டிரெய்லரைச் சமமாக நிறுத்தி அதன் மூக்கின் அடிப்பகுதி எத்தனை உயரம் என்று பாருங்கள். கழித்தால் ஆறு வரவில்லையா, ஹிட்ச்சையும் டிரெய்லரையும் உயர்த்த ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். காற்றுப் பை கெட்ட பொருள் அல்ல, தொய்ந்த டிரக்கை நிமிர்த்த அதுதான் வழி. எனக்குத் தேவைப்பட்டது அது இல்லை, அவ்வளவுதான். ஒரு ஜோடி, அதிகம் ஓடாதது, என் கராஜில் கிடக்கிறது. முக்கால் டன் டிரக்குக்குப் பொருந்தும். வேண்டுபவர்கள் எழுதுங்கள், இலவசமாகவே தருகிறேன். தபால் செலவு உங்களுடையது.